வாசகர் கேள்வி – பதில்: ஸ்மார்ட்வாட்ச் பதிவு சாட்சியமாகுமா?

ஸ்மார்ட்வாட்சில் பதிவாகும் காலடிக் கணக்கும் இதயத்துடிப்பும் குற்ற வழக்குகளில் எடுபடுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமின்மையால் இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அது போதாது என்று பலர் எழுதியதால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஸ்மார்ட்வாட்ச் பதிவை வைத்துக் கொலைக் குற்றம் உறுதியான வழக்கு உண்மையிலேயே உண்டா, அல்லது இதெல்லாம் தொலைக்காட்சித் தொடர்களில் மட்டும்தானா?
— வாசகர், நாகர்கோவில்

உண்டு. அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலிங்டன் என்ற ஊரில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்த கொலை. முகமூடி அணிந்த ஒருவன் வீட்டுக்குள் புகுந்தான், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து திரும்பிய என் மனைவியைச் சுட்டுக் கொன்றான், என்னையும் கட்டிப்போட்டு வதைத்தான் என்று கணவர் போலீசாரிடம் சொன்னார். காலை 9 மணியை ஒட்டி எல்லாம் நடந்துவிட்டதாக அவருடைய கணக்கு. ஆனால் அந்தப் பெண் அணிந்திருந்த ஃபிட்பிட் என்ற உடற்பயிற்சிக் கருவி, 10.05 வரை அவர் நடமாடிக்கொண்டிருந்ததைக் காட்டியது. வீடு திரும்பிய பிறகு அவர் 1,217 அடி தூரம் நடந்திருந்தார். கணவர் சொன்னபடி காரிலிருந்து இறங்கி நேராக நிலவறைக்குப் போயிருந்தால் அந்தத் தூரம் 125 அடிக்கு மேல் வராது. 2022 மே மாதம் ஜூரிகள் கணவரைக் குற்றவாளி என்றார்கள். ஆகஸ்டில் 65 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொன்று, கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரை ஒட்டிய கிளிக்கா நேரா என்ற புறநகரில் 2021 மே 11 அன்று நடந்தது. அங்கேயும் கணவர்தான், அங்கேயும் கொள்ளையர் கதைதான். இறந்த இளம்பெண்ணின் கைக்கடிகாரத்தில் இருந்த நாடித்துடிப்புப் பதிவு, கணவர் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. அவர் கட்டப்பட்டுக் கிடந்ததாகச் சொன்ன நேரத்தில் அவருடைய செல்போன் வீட்டுக்குள் இங்குமங்கும் நகர்ந்திருந்தது. கண்காணிப்புக் கேமராவின் நினைவக அட்டை, கொள்ளையர் வந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்துக்கு வெகுநேரம் முன்பே கழற்றப்பட்டிருந்தது. ஐந்து வாரங்களுக்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்டார். 2022 மே மாதம் ஆயுள் தண்டனை பெற்றார்.

இந்த இரண்டு வழக்குகளையும் படிப்பவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. கருவி எதுவும் கொலையைப் பார்க்கவில்லை. யார் சுட்டார், யார் மூச்சடைத்துக் கொன்றார் என்று அது சொல்லவும் இல்லை. ஒருவர் மணி குறிப்பிட்டு ஒரு கதை சொன்னார், அந்த மணியைக் கருவி பொய்யாக்கியது, அவ்வளவுதான். எலிங்டன் வழக்கில், சாலையோரத்திலிருந்து அனுப்பியதாகக் கணவர் சொன்ன மின்னஞ்சல் வீட்டு இணைய இணைப்பிலிருந்தே போயிருந்தது. வீட்டு எச்சரிக்கை மணியின் பதிவும், வேறொரு பெண்ணுடன் அவருக்கு இருந்த தொடர்பும் கூடவே நின்றன. ஃபிட்பிட் மட்டும் தனியே நின்றிருந்தால் அந்த வழக்கு தண்டனையில் முடிந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. சந்தேகத்துக்குரியவரிடம் கடிகாரப் பதிவைக் காட்டுவதற்கு முன்பே, அன்றைய நிகழ்வுகளை மணிவாரியாகச் சொல்லவைத்து எழுதி வாங்கிக்கொள்வதுதான் கெட்டிக்காரப் புலனாய்வு அதிகாரி செய்யும் முதல் வேலை.

என் கடிகாரம், நான் ஸ்கூட்டரில் போகும்போதுகூடக் காலடிகளை எண்ணுகிறது. இப்படிப்பட்ட கருவியை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா?
— வாசகி, திருச்சி

உங்கள் சந்தேகம் நியாயமானது. கடிகாரத்துக்குள் இருக்கும் முடுக்கமானி, மணிக்கட்டின் அசைவைத்தான் அளக்கிறது. அந்த அசைவு நடை போல இருக்கிறதா என்று மென்பொருள் ஊகித்து ஒரு காலடி என்று எழுதுகிறது. மேடுபள்ளமான சாலையில் வண்டி ஓட்டினாலும், தொட்டில் ஆட்டினாலும், பஜனையில் தாளம் போட்டாலும் சில காலடிகள் கூடக்கூடும். இரண்டு கைகளாலும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு, நடந்த தூரம் குறைந்து பதிவாகும். ஆகவே ‘அன்று அவர் 4,312 காலடி நடந்தார்’ என்ற எண்ணை அப்படியே நீதிமன்றத்தில் நிறுத்துவது சரியல்ல. ‘அந்த இருபது நிமிடமும் அந்தக் கருவி அசைவில்லாமல் கிடக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால், அதை மறுப்பது எதிர்த்தரப்புக்குக் கடினம்.

இதயத்துடிப்பு வேறு வழியில் வருகிறது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைக்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், தோலில் பச்சை குத்தியிருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும் கணக்கு பிசகும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பல கருவிகள் தொடர்ந்து அளக்காமல் இடைவெளி விட்டு விட்டு அளக்கின்றன. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே என்ன நடந்தது என்பது கருவிக்கே தெரியாது. வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோடு இணைத்துக் காட்டும். பார்ப்பவர் அந்தக் கோட்டையும் அளவீடு என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேரிடம் ஏழு வகைக் கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதில் பயனுள்ளது. ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன. செலவான கலோரிக் கணக்கிலோ ஒன்றுகூடத் தேறவில்லை: இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது; மோசமானது 93 விழுக்காடு. ஒரே கடிகாரத்தின் ஒரே திரையில் நம்பத்தக்க எண்ணும் நம்பத்தகாத எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்பதே இதன் பொருள். குற்றப்பத்திரிகையில் எந்த எண் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ‘கருவி நம்பத்தக்கதா’ என்று பொதுவாக வாதிடுவதில் பயனில்லை.

இதில் வேடிக்கையும் உண்டு. கழிவறைக் காகிதச் சுருளில் கட்டிவைத்தால்கூட அந்தக் கருவி இதயத்துடிப்பைக் காட்டுகிறது என்று 2018ஆம் ஆண்டின் இறுதியில் சீனச் சமூக வலைத்தளங்களில் படங்கள் பரவின. செய்தியாளர்கள் பல கருவிகளில் சோதித்தபோது அது உண்மையாகவே இருந்தது. திரும்பி வரும் ஒளியில் ஏதாவது ஒரு சீரான அசைவு கிடைத்தால் போதும், மென்பொருள் அதைத் துடிப்பு என்று எழுதிவிடுகிறது. உயிரற்ற பொருளுக்கும் நாடி பிடித்துச் சொல்லும் கருவியைக் கொண்டு மரண நேரத்தைக் குறிக்க முனைபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் பரிகாரம், அதே வகைக் கருவியை வைத்து நடத்திப் பார்ப்பதுதான். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் 2016 அக்டோபரில் ஒரு மாணவி கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் செல்போனில் இருந்த உடல்நலச் செயலி, சம்பவ நேரத்தில் அவர் ‘படியேறியதாக’ எழுதியிருந்தது. ஆற்றங்கரையில் படிகள் ஏது? அவரை ஒத்த உடல்வாகு கொண்ட ஒரு போலீஸ்காரர் அதே கரையில் இறங்கி ஏறிப் பார்த்தார். கரைச் சரிவில் ஏறியதை அவருடைய போனும் படியேறியதாகவே எழுதியது. அது கடிகாரம் அல்ல, போன்தான். ஆனால் முறை ஒன்றே. 2018 மார்ச்சில் அந்த வழக்கில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நம் ஊரில் இப்படிப்பட்ட பதிவைத் தாக்கல் செய்யும் எந்தத் தரப்பும், இதே போன்ற செய்முறைச் சோதனை ஒன்றைச் செய்து காட்டினால் குறுக்கு விசாரணையில் பாதிக் கேள்விகள் தாமாகவே விழுந்துவிடும்.

கடிகாரம் என்னுடையதாக இருக்கலாம். அன்று அதை என் தம்பி கட்டிக்கொண்டு போயிருந்தால்?
— வாசகர், மதுரை

நல்ல கேள்வி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். கடிகாரம் ஒரு மணிக்கட்டைப் பற்றித்தான் பேசுகிறது. அது யாருடைய மணிக்கட்டு என்பதை வேறு சாட்சியம்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 2015 ஜூலையில் சால்ஃபோர்டு பகுதியில் ஒருவரும், 2018 மே மாதத்தில் இன்னொருவருமாக இரு குற்றக்கும்பல் பிரமுகர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவரின் வீட்டில் கார்மின் நிறுவனத்தின் ஓட்டப்பயிற்சிக் கடிகாரம் ஒன்று கிடைத்தது. முதல் கொலைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்பு, 2015 ஏப்ரல் 29 அன்று, அந்தக் கடிகாரம் அவர் வீட்டுப் பக்கமிருந்து கிளம்பி, கொல்லப்பட்டவரின் வீட்டுக்கு அருகே இருந்த பகுதிவரை போனதை அதன் ஜி.பி.எஸ். பதிவு காட்டியது, முதலில் சைக்கிள் வேகம், பிறகு நடைவேகம், பிறகு நிற்றல். இது நோட்டம் பார்த்த பயணம் என்றது அரசு தரப்பு. கடிகாரம் அவர் கையில் இருந்ததற்கு என்ன ஆதாரம்? 2015 மே மாதம் மான்செஸ்டரில் நடந்த பொது ஓட்டப்பந்தயத்தில் அவர் ஓடியபோது எடுக்கப்பட்ட புகைப்படத்தில், கையில் அப்படி ஒரு கடிகாரம் இருந்தது. 2019 ஜனவரியில் லிவர்பூல் நீதிமன்றம் இரு கொலைகளுக்கும் அவருக்கு, வாழ்நாள் முழுவதும் வெளிவர முடியாத ஆயுள் தண்டனை விதித்தது.

புகைப்படம் கிடைக்காதபோது, பட்டையில் படிந்த வியர்வையிலிருந்து மரபணுச் சோதனை செய்யலாம். கடிகாரமும் அவருடைய செல்போனும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நகர்ந்தனவா என்று ஒப்பிடலாம். சிசிடிவி காட்சியில் கையைப் பார்க்கலாம். எதுவுமே இல்லையென்றால், உங்கள் தம்பியைப் பற்றிய கேள்விக்கு அரசு தரப்பிடம் பதில் இருக்காது.

துடிப்பு நின்ற நேரத்தையே இறந்த நேரமாக எடுத்துக்கொள்ளலாமா?
— மருத்துவ மாணவி, கோவை

எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு நின்றதற்குப் பட்டை கழன்றது, அடியில் இரத்தம் கசிந்து ஒளியை மறைத்தது, இரத்த அழுத்தம் விழுந்து மணிக்கட்டுக்கு ஓட்டம் குறைந்தது, மின்கலம் தீர்ந்தது என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் மரண நேரத்தைச் சில மணி நேர இடைவெளியாகவே சொல்லும். கடிகாரம் அந்த இடைவெளியைச் சுருக்க உதவும், அதற்கு மாற்றாக நிற்காது.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 2018 செப்டம்பரில் கொல்லப்பட்ட பெண்ணின் ஃபிட்பிட் கருவியில், பிற்பகல் 3.20க்குத் துடிப்பு திடீரென்று எகிறி, வேகமாகச் சரிந்து, 3.28க்குப் பதிவு நின்றிருந்தது. பீட்சா கொடுத்துவிட்டுப் போய்விட்டேன் என்று சொன்ன 90 வயது மாற்றாந்தந்தையின் கார், 3.33 வரை அங்கேயே நின்றதைப் பக்கத்து வீட்டுக் கேமரா காட்டியது. கேட்பதற்கு வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அவர் விசாரணை தொடங்கும் முன்பே 2019இல் காவலில் இறந்துவிட்டார். அந்த எட்டு நிமிட வரைபடம் ஒரு குறுக்கு விசாரணையைக்கூடச் சந்திக்கவில்லை. இதை ‘கடிகாரம் கண்டுபிடித்த கொலையாளி’ என்று இணையத்தில் எழுதுபவர்கள் இந்த விவரத்தைச் சேர்ப்பதில்லை.

நம் நாட்டு நீதிமன்றத்தில் இந்தப் பதிவைத் தாக்கல் செய்ய என்ன வேண்டும்? செயலித் திரையின் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?
— சட்டக் கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணுப் பதிவுகளையும் ஆவணம் என்கிறது. மின்னஞ்சல், சர்வர் பதிவு, செல்போனில் உள்ள தகவல் ஆகியவற்றோடு இருப்பிடச் சான்றையும் அந்தச் சட்டத்தின் விளக்கம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே ஏற்பதா கூடாதா என்ற அடிப்படைக் கேள்விக்கு இடமில்லை. எப்படித் தாக்கல் செய்வது என்பதே கேள்வி.

அதற்கு 63ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு மாற்றாக வந்த இது, பதிவோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. பழைய சான்றிதழில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்டால் போதும். இப்போது ‘அ’ பகுதியில் அவரும், ‘ஆ’ பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்; இரண்டு பகுதியிலும் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் அடையாளக் குறியீடு), அதை எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் மதிப்பு முற்றிலும் மாறிவிடும் என்பதால், கைப்பற்றிய பொட்டலத்தின் மேல் வைக்கும் அரக்கு முத்திரையின் வேலையை அது செய்கிறது. கைப்பற்றிய நாளிலேயே அதை எழுதிவைக்காமல், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்போது கணக்கிட்டு எழுதினால், நடுவிலிருந்த மாதங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சான்றிதழ் கட்டாயமா என்ற வாதம் நெடுநாள் ஓடியது. 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். 2018இல் வேறொரு அமர்வு அதைத் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் கட்டாயமாக்கியது. உரிமையாளரே சாட்சிக் கூண்டேறி மூலக் கருவியைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும், சான்றிதழ் தர வேண்டியவர் தர மறுத்தால் அதைக் கொண்டுவரும்படி நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஸ்மார்ட்வாட்சில் சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஒரே தகவல் மூன்று இடங்களில் இருக்கிறது: கடிகாரத்தில், அதோடு இணைத்த செல்போனில், நிறுவனத்தின் சர்வரில். மூன்றும் ஒன்றல்ல. கடிகாரம் அளந்த மூல அசைவுகளைச் சுருக்கித்தான் போனுக்கு அனுப்புகிறது; சர்வரில் அது மறுபடியும் கணக்கிடப்படலாம். நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்தால், அதே மூலத் தகவலிலிருந்து வேறு விடை வரவும் கூடும். எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள், அப்போது எந்தப் பதிப்பு மென்பொருள் இருந்தது என்பதைச் சான்றிதழிலோ நிபுணர் அறிக்கையிலோ சொல்லாவிட்டால், தாக்கல் செய்த எண்ணுக்கு மூலம் எது என்று கேட்கும்போது விழிக்க நேரிடும். சர்வர் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறது. 2005இல் நடப்புக்கு வந்த இந்திய–அமெரிக்கப் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே கேட்டால் பதில் வரத் தாமதமாகும். ஜாமீன் மனுக்களின் காலக்கெடுவுக்குள் அது வந்து சேரும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இது சூழ்நிலைச் சாட்சியம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, கண்ணிகள் அறுபடாத சங்கிலியாக எல்லாச் சூழ்நிலைகளும் குற்றவாளியை மட்டுமே சுட்ட வேண்டும். கடிகாரம் ஒரு கண்ணி. அதோடு, வீட்டுக்குள் மனைவி இறந்துகிடக்கும்போது தனக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியதைக் கணவர் விளக்க வேண்டும் என்று 2006இல் திரிமுக் மாரோத்தி கிர்கன் வழக்கில் சொல்லப்பட்டதைச் சேர்த்துப் பாருங்கள். எலிங்டன் போன்ற ஒரு வழக்கு இங்கு வந்தால், கணவர் தந்த விளக்கம் பொய்யென்று காட்டும் வேலையைத்தான் கடிகாரம் செய்யும்.

போலீசார் கேட்டால் கடிகாரத்தையும் பாஸ்வேர்டையும் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
— வாசகர், சேலம்

கடிகாரத்தை, ஆம். குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ கருவியையோ கொண்டுவரும்படி நீதிமன்றம் சம்மன் மூலமாகவும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலமாகவும் உத்தரவிட இடம் தருகிறது. வாய்மொழியாகக் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். தேடுதலும் கைப்பற்றலும் நடந்தால் அதை ஒலி–ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105ஆம் பிரிவு.

பாஸ்வேர்டு வேறு கதை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்பின் 20(3) பிரிவு. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அப்படிப்பட்ட சாட்சியம் ஆகாது என்று 1961இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. உண்மை கண்டறியும் ஊசி முதலிய சோதனைகளைச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் சொல்லப்பட்டது. பாஸ்வேர்டு இந்த இரண்டில் எதன் பக்கம்? தருவது சாட்சியம் சொல்வதாகாது என்றது 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் விரல்ரேகையால் திறக்கச் சொல்லலாம் என்றது 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம். இந்த நிலையில், வழக்கறிஞரைக் கேட்காமல் சொல்ல வேண்டாம் என்பதே நம் ஆலோசனை.

நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஒருவரின் செல்போன் இருப்பிட வரலாற்றை வாங்கவே வாரண்ட் வேண்டும் என்று 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே ஒருவர் எப்போது தூங்கினார், எந்த நேரத்தில் படபடத்தார், மாதவிலக்கு எப்போது வந்தது என்பது வரை வைத்திருக்கும் கருவியை ஒரு நிலைய அதிகாரியின் எழுத்தே திறந்துவிடுகிறது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாட்டில் இது பொருந்தவில்லை. சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்கு மட்டும் என்று வரையறுத்து, நீதித்துறை நடுவர் உத்தரவு பெற்றுத் திறப்பதே முறையாக இருக்கும்.

இந்த அச்சம் கற்பனை அல்ல. ஒஹாயோ மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் 2016இல் வீடு எரிந்த வழக்கில், உரிமையாளரின் உடலுக்குள் பொருத்தியிருந்த, இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் பதிவையே போலீசார் வாரண்டோடு வாங்கினார்கள். தீப்பற்றியதும் பெட்டிகளைக் கட்டி ஜன்னல் வழியே எறிந்ததாக அவர் சொன்ன வேலைகளை, அந்த உடல்நிலையில் அவர் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார் இதய மருத்துவர். 2017இல் நீதிபதி அந்தப் பதிவை அனுமதித்தார். 2020இல், விசாரணைக்கு முன்பே அவர் இறந்துபோனார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், பேஸ்மேக்கரை என்ன செய்வது?

வழக்கு வந்ததும் செயலியை நீக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டால்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அழித்தது போனின் நினைவகத்திலும் பிரதிகளிலும் பாதி நேரம் மிச்சமிருக்கும். அழித்த நேரம் தனியே பதிவாகியிருக்கும். குற்றச் சாட்சியத்தை மறைப்பது, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். வேறு ஏதாவது கேளுங்கள்.

நிரபராதிக்கு இந்தப் பதிவு உதவுமா?
— வாசகி, தஞ்சாவூர்

உதவும், கெடுக்கவும் செய்யும். புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் 2019 மார்ச்சில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றியிருந்த கருவிகள் எவை என்று போலீசார் கூகுளிடம் வாரண்ட் மூலம் கேட்டார்கள். தினமும் சைக்கிள் ஓட்டுபவர் ஒருவர், பயிற்சிச் செயலியை ஓடவிட்டபடி அன்று ஒரு மணி நேரத்தில் மூன்று முறை அந்த வீட்டைக் கடந்திருந்தார். சந்தேகம் அவர் மேல் விழுந்தது. வழக்கறிஞர் வைத்துப் போராடித்தான் மீண்டார். அவரை மீட்டதும் அதே செயலிதான்: அந்த வட்டப் பாதை அவர் வழக்கமாக ஓட்டும் பாதை என்று மாதக்கணக்கான பதிவுகள் காட்டின.

உங்கள் மேல் வீண்பழி வந்தால், சம்பவ நாளின் பதிவை மட்டும் அல்லாமல் முந்தைய சில மாதங்களின் பதிவையும் சேர்த்தே காப்பாற்றுங்கள். கடிகாரத்தை மறுதொடக்க நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள், விற்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். செயலியில் கையால் எதையும் திருத்தவோ சேர்க்கவோ வேண்டாம். பல செயலிகளில் ‘பயனர் உள்ளிட்டது’ என்ற குறிப்பு அந்த வரியோடு தங்கிவிடும், அது ஒன்றே மீதி அனைத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

சம்பவ இடத்தில் சடலத்தின் கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பயிற்சியில் செல்போனைப் பற்றித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
— காவல் உதவி ஆய்வாளர், தென் மாவட்டம்

கேட்டதற்கு நன்றி. கழற்றும் முன் படம் எடுங்கள்: எந்தக் கை, பட்டை எத்தனையாவது துளையில் மாட்டியிருக்கிறது, இறுக்கமா தளர்வா, திரையில் என்ன தெரிகிறது. அதே படத்தில் உங்கள் செல்போன் காட்டும் நேரமும் விழும்படி எடுத்தால், கடிகாரம் எத்தனை நொடி முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பது பின்னால் தெரியும். கையுறை அணிந்து கழற்றுங்கள். பட்டையின் உட்புறம் தடய அறிவியல் துறைக்குத் தேவைப்படும். திரையைத் தட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

கழற்றிய நிமிடத்தை மகஜரில் (கைப்பற்றியதற்கான பதிவில்) எழுதுங்கள். இது ஏன் முக்கியமென்றால், கடிகாரம் அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். சடலத்தைத் தூக்கியபோதும், ஜீப்பில் கொண்டுபோனபோதும், எழுத்தர் மேசையில் வைத்து நகர்த்தியபோதும் அது அசைவைப் பதிவு செய்யும். இறந்தவர் மாலை 6.40க்கு நடந்தார் என்று அறிக்கையில் ஒரு வரி வந்து நின்றால், அது உங்கள் காவலரின் கைவேலை என்று காட்ட மகஜர் நேரம் ஒன்றுதான் துணை.

இணைத்த செல்போனையும் சார்ஜரையும் சேர்த்தே கைப்பற்றுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு சார்ஜர் வைத்திருக்கிறது. இரண்டு நாளில் மின்கலம் தீர்ந்து அணைந்தால், மறுபடி இயங்கும்போது பல கடிகாரங்கள் கடவுக்குறியீடு கேட்கும். இரண்டையும் சிக்னல் தடுக்கும் பையில் தனித்தனியே போடுங்கள். இல்லையென்றால் தொலைவிலிருந்து யாராவது அழித்துவிடலாம். ஆய்வகத்துக்கு அனுப்புவதில் தாமதம் வேண்டாம்: ஃபிட்பிட் போன்ற கருவிகள் நிமிடவாரி விவரத்தை ஏழு நாள் அளவுக்கே தம்முள் வைத்திருக்கும், போனோடு இணையாமல் கிடந்தால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. ஆய்வகத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ வரும் அட்டவணையில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அட்டவணையில் பிற்பகல் 3.50 என்று இருப்பது நம் கடிகாரத்தில் இரவு 9.20. மாற்றிய நேரத்தை மட்டும் குற்றப்பத்திரிகையில் எழுதாமல், மூல நேரத்தையும் அதன் பக்கத்தில் எழுதி, மாற்றியவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.